தேனீ ஏன் பறக்கவில்லை?

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையின் கைப்பேசியில் தான் எடுத்த ஒளிப்படம் ஒன்றை என்னிடம் காட்டினாள். வீட்டு வாயிலில் மலர்ந்திருந்த செண்டுமல்லிப் பூவின்மேல் ஒரு தேனீ. அதன் சிறகின் நரம்புகள்கூடத் தெரிந்தன.

“தேனீ அசையவே இல்லை, ஐயா. உறங்கிக்கொண்டிருந்தது போலும். அதனால்தான் படம் இவ்வளவு தெளிவாக வந்தது” என்றாள்.

நண்பகலில், தேன் நிறைந்த பூவின்மேல் ஒரு தேனீ உறங்குமா? நான் படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன். தேனீயின் தலைக்குக் கீழே, பூவிதழின் அதே மஞ்சள் நிறத்தில், இதழ் என்றே எண்ணும்படி ஏதோ ஒன்று இருந்தது. அதற்குக் கால்கள் இருந்தன. முன்னிரு இணைக் கால்கள் தேனீயை அணைத்துப் பிடித்திருந்தன.

“ஐயோ, மக்டி!” என்றாள் அவள்.

அவள் எடுத்தது உறங்கும் தேனீயின் படம் அன்று. ஒரு வேட்டையின் படம். எடுக்கும்போது அவளே அதை அறியவில்லை. அண்மைப் படத்தின் இயல்பு இது. நம் கண் காணத் தவறியதைக் கருவி பதிவு செய்துகொள்கிறது; பொறுமையாகப் பார்ப்பவர்க்குப் பின்னர் அது வெளிப்படுகிறது. சிலந்தியையும் அதன் இரையையும் அருகிலிருந்து படமெடுக்கும் கலையைப் பற்றியது இப்பாடம்.

பெயரில் தொடங்குவோம்

ஜபல்பூரில் வாழும் நம் பிள்ளைகள் தெருவில் ‘மக்டி’ என்கிறார்கள். வீட்டில் ‘எட்டுக்கால் பூச்சி’ என்று கேட்டிருக்கிறார்கள். இலக்கியத் தமிழில் அதன் பெயர் சிலந்தி. எட்டுக்கால் பூச்சி என்னும் பெயரில் பாதி சரி, பாதி பிழை. கால்கள் எட்டு என்பது சரி. ஆனால் சிலந்தி பூச்சி அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள். உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். சிலந்தியின் உடலில் இரு பகுதிகளே உண்டு. தலையும் மார்பும் ஒன்றாக இணைந்திருக்கும். அதற்குச் சிறகில்லை, உணர்கொம்பும் இல்லை. பெரும்பாலான சிலந்திகளுக்குக் கண்கள் எட்டு. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000ஐத் தொட்டது. இந்தியாவில் மட்டும் 1,800க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இன்னும் இரு சொற்களை இங்கே கற்றுக்கொள்ளுங்கள்: வலை, ஒட்டடை. சிலந்தி வாழ்ந்து வேட்டையாடும்போது அது வலை. சிலந்தி நீங்கியபின் தூசு படிந்து மூலையில் தொங்கும்போது அது ஒட்டடை. சில ஊர்களில் நூலாம்படை என்பர். என் சொந்த ஊர் திருச்சிராப்பள்ளி. அங்குள்ள திருவானைக்காவல் கோயிலின் தலபுராணம் இவ்விரு சொற்களின் சண்டை என்றே எனக்குத் தோன்றும். மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு உதிராதிருக்க ஒரு சிலந்தி வலை பின்னியது. வழிபட வந்த யானை அதைத் தூய்மைக்கேடு என்று கருதிக் கலைத்தது. சிலந்திக்கு வலையாக இருந்தது யானைக்கு ஒட்டடையாகத் தெரிந்தது. ஒட்டடைக்கோலை எடுக்குமுன், வலையில் ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். என் வீட்டார்க்கு இதில் உடன்பாடு இல்லை.

எங்கே தேடுவது?

மத்தியப் பிரதேசத்தில் ஆனி மாதத்தில் தொடங்கும் மழை புரட்டாசியில் ஓயும். மழை பூச்சிகளைப் பெருக்கும்; பூச்சிகள் சிலந்திகளைப் பெருக்கும். ஆகவே மழை ஓயும் தறுவாயே சிலந்தி காண உகந்த காலம். விடியற்காலை மிக நன்று. இரவின் குளிர்ச்சியால் பூச்சிகள் சோம்பிக் கிடக்கும். வலைகளில் பனித்துளி கோத்திருக்கும். சூரியனை நோக்கி நின்று பாருங்கள். பின்னிருந்து வரும் ஒளியில், நேற்று நீங்கள் கண்ணில் படாமல் கடந்துபோன வலைகள் எல்லாம் மின்னும்.

முதலில் அம்மாணவியின் படத்தில் இருந்த சிலந்தியைப் பார்ப்போம். அதன் பெயர் நண்டுச் சிலந்தி. நண்டைப் போல் பக்கவாட்டில் நடக்க வல்லது. முன்னிரு இணைக் கால்கள் நண்டின் கால்களைப் போல் நீண்டு விரிந்திருக்கும். இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. பூவின் மேலோ அடியிலோ கால்களை விரித்தபடி காத்திருக்கும். தேனீ பூவினுள் வாயை நுழைக்கும் நொடியில் அதைப் பற்றித் தலைக்குப் பின்புறம் கடிக்கும். நஞ்சு விரைந்து வேலை செய்வதால், தன்னினும் பெரிய தேனீயையும் இச்சிறு சிலந்தி வென்றுவிடுகிறது. இவற்றுள் சில இனங்கள் தாம் இருக்கும் பூவுக்கு ஏற்ப, வெள்ளையிலிருந்து மஞ்சளாகவும் மஞ்சளிலிருந்து வெள்ளையாகவும் சில நாள்களில் நிறம் மாறும். எனவே நண்டுச் சிலந்தியைத் தேட ஓர் எளிய வழி உண்டு. சிலந்தியைத் தேடாதீர்கள், அசையாத தேனீயைத் தேடுங்கள்.

சிலந்தி திண்ம உணவை விழுங்குவதில்லை. செரிமான நீரை இரையின் உடலுக்குள் செலுத்தி, உள்ளே இருப்பதைக் கரைத்து, அக்கரைசலை உறிஞ்சுகிறது. நண்டுச் சிலந்தி உண்டு முடித்தபின் தேனீயின் கூடு உருக்குலையாமல் அப்படியே கிடக்கும். கையில் எடுத்தால் எடையே இராது. அம்மாணவியின் படத்தில் வேறொரு வியப்பும் இருந்தது. தேனீயின் உடல்மேல் எள்ளினும் சிறிய கருநிற ஈக்கள் மூன்று அமர்ந்திருந்தன. சிலந்தி பிடித்த இரையிலிருந்து கசியும் நீரைப் பருகுவதற்கென்றே வரும் ஈக்கள் உலகில் உண்டு. வேட்டையாடுபவர் ஒருவர், விருந்துக்கு வருபவர் பலர்! வெறுங்கண்ணால் இதனைக் கண்டிருக்கவே முடியாது.

அடுத்துக் காணத்தக்கது கையொப்பச் சிலந்தி. புதர்களுக்கிடையே வட்ட வலை கட்டி, அதன் நடுவில் தலைகீழாக அமர்ந்திருக்கும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் வைத்திருக்கும். வலையின் நடுவே வெண்ணிற நூலால் நெளிநெளியாக ஓர் அலங்காரம் இருக்கும். யாரோ கையொப்பமிட்டதுபோல் தோன்றுவதால் இப்பெயர். இவ்வலங்காரம் எதற்கு? புறஊதா ஒளியைத் தெறித்துப் பூச்சிகளை ஈர்க்கிறது என்பர் சிலர். வலையில் மோதிவிடாதவாறு பறவைகளை எச்சரிக்கிறது என்பர் வேறு சிலர். சிலந்தியை மறைத்துக் காக்கிறது என்பாரும் உளர். அறிஞர்களிடையே இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

கையொப்பச் சிலந்தியின் வேட்டையைப் படமெடுக்க விரும்பினால், அது இரையைக் கையாளும் வரிசையைக் கவனியுங்கள். வெட்டுக்கிளி போன்றவை சிக்கினால், பின்னங்கால்களால் நூலை அகன்ற நாடாவாக இழுத்து வீசி, இரையைச் சுழற்றிப் பொதிந்துவிடும். கடி அதன் பின்னரே. வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ சிக்கினால் வரிசை மாறும். முதலில் கடி, பிறகே கட்டு. ஏனெனில் அவற்றின் சிறகுகளில் மாவுபோல் படிந்துள்ள செதில்கள் எளிதில் உதிர்ந்து வலையின் பசையில் ஒட்டிக்கொள்ளும். செதிலை இழந்து அவை நழுவித் தப்பிவிடும். கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்பது சிலந்திக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்கள் இருந்தால் இவ்வரிசையை மெய்ப்பிக்கலாம். ஒரு படத்தால் இயலாது.

மரப்பட்டையில் தேடுவோர்க்கு இரட்டைவால் சிலந்தி கிட்டலாம். பட்டையின் நிறத்தில், பட்டையோடு ஒட்டிக் கிடக்கும். அதன் பின்புறத்தில் வால்போல் நீண்டிருப்பவை நூல் சுரக்கும் உறுப்புகள். எறும்பு ஒன்று அருகே வந்தால், சிலந்தி அதனைச் சுற்றிச் சுற்றி விரைந்தோடி, நூலால் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடும். மாமரத்தில் செந்நிற முசுறு எறும்புகள் ஊர்ந்தால், அவற்றின் நடுவே எறும்பு வேடமிட்ட சிலந்தி ஒன்றும் நடமாடக்கூடும். முன்னங்கால் இரண்டை உயர்த்தி உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டே செல்லும். கால்களை எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கடிக்கும் எறும்பின் உருவத்தில் திரிபவரை யார்தான் தொடத் துணிவர்!

கானா, பெஞ்ச் காடுகளுக்குக் குடும்பத்துடன் புலி காணச் செல்வோர் பெருங்காட்டுச் சிலந்தியையும் பார்த்து வரலாம். பொன்னிற நூலால் ஆன அதன் வலை ஒரு மீட்டருக்கும் மேல் அகன்றிருக்கும். பெண் சிலந்தியின் உடல் ஒரு பெரிய மனிதரின் கட்டைவிரல் அளவு இருக்கும். அதே வலையில் வாழும் ஆண் சிலந்தியோ அரிசி மணியளவே. அடுக்கக வீடுகளில் வாழ்வோரும் வருந்த வேண்டா. சன்னல் கம்பி வலையில் ஈயைக் குறிவைத்து அங்குலம் அங்குலமாக நகரும் குதிக்கும் சிலந்தியை எந்த நகரத்திலும் காணலாம். அதன் எட்டுக் கண்களில் முன்னிரண்டு மிகப் பெரியவை. நீங்கள் கருவியை நீட்டினால், அது திரும்பி உங்களையே உற்று நோக்கும். சில வேளைகளில் கருவியின்மேலேயே தாவிவிடும்!

ஒரு மில்லிமீட்டர்ச் சிக்கல்

அண்மைப் படத்துக்கென்றே செய்யப்பட்ட மேக்ரோ லென்ஸ், பொருளை அதன் உண்மையளவிலேயே கருவியின் உணர்தகட்டில் பதிக்க வல்லது. முழு அளவு உணர்தகட்டின் அகலம் 36 மி.மீ. ஆறு மி.மீ. நீளமுள்ள நண்டுச் சிலந்தி அதில் ஆறு மி.மீ. ஆகவே பதியும், அதாவது, படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை நிரப்பும். அவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். அப்படத்தைச் சுவரளவு பெரிதாக்கினால் சிலந்தியின் கால் மயிர்களை எண்ணலாம்.

ஆனால் இங்கே ஒரு விலை கொடுக்க வேண்டும். அருகில் செல்லச் செல்ல, தெளிவாகப் பதியும் ஆழம் குறைந்துகொண்டே வரும். உண்மையளவில் படமெடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்தால் தெளிவின் ஆழம் ஏறத்தாழ ஒரு மி.மீ. மட்டுமே. வங்கி அட்டை ஒன்றை எடுத்து அதன் தடிமனைப் பாருங்கள். அதைவிடச் சற்றே மிகுதி. அந்த மெல்லிய ஏட்டுக்குள் விழுவது தெளியும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கும். எஃப் 16 என்று துளையைச் சுருக்கினால் ஆழம் ஏறத்தாழ இரண்டு மி.மீ. ஆகும், ஆனால் ஒளி குறையும். அதற்கும் மேல் சுருக்கினால் படம் முழுவதுமே மென்மையாக மங்கத் தொடங்கும்.

ஆகவே படமெடுப்பவர் ஒரு முடிவு செய்தாக வேண்டும். தெளிய வேண்டியது எது? சிலந்தியின் கண்ணா, இரையின் முகமா, அவ்விரண்டும் சந்திக்கும் கடியின் இடமா? வேட்டையைச் சொல்ல விரும்பினால் கடியின் இடத்தைத் தேர்க என்பேன். சிலந்தியும் இரையும் ஒரே தளத்தில் அமையும் கோணத்தைத் தேடிக் கருவியை அத்தளத்துக்கு இணையாகப் பிடித்தால், அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டையும் கொண்டுவந்துவிடலாம். நெருங்கிய நிலையில் தானியங்கிக் குவியம் தடுமாறும். அதனை நிறுத்திவிட்டு, முழங்கையை மார்போடு அணைத்து, உடலையே மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துத் தெளிவு வரும் நொடியில் அழுத்துவதே அனுபவமுள்ளோர் வழி. ஒரு படம் தேற இருபது படங்கள் வீணாகும். என் கணக்கில் நாற்பது.

காற்று இரண்டாவது எதிரி. பூங்காம்பு இரண்டு மி.மீ. அசைந்தாலும் குவியம் போய்விடும். ஃபிளாஷ் விளக்கை மிகக் குறைந்த ஆற்றலில் வைத்தால், அதன் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே நிலைக்கும்; அக்கணத்தில் அசைவு உறைந்துவிடும். எனினும் வெறும் ஃபிளாஷ் ஒளி சிலந்தியின் வழுவழுப்பான உடலில் வெள்ளைத் திட்டாக விழும். ஃபிளாஷ் விளக்குக்கு முன்னே மெல்லிய வெண்தாளை வைத்து அவ்வொளியைப் பரப்ப வேண்டும். கடைகளில் இதற்கென விலையுயர்ந்த பொருள்கள் உண்டு. நான் பயன்படுத்துவது கழுவி உலர்த்திய பால் உறை. ஈராண்டுகளாகக் குறையொன்றும் இல்லை.

கைப்பேசி மட்டும் உள்ளவர்கள் மனந்தளர வேண்டா. அம்மாணவியின் படம் கைப்பேசியில் எடுத்ததுதானே! கைப்பேசியில் மேக்ரோ என்னும் தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையேல் அதன் கண்ணாடிக்கு முன் சிறு உருப்பெருக்கி ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மூன்று எச்சரிக்கைகள் மட்டும் நினைவிருக்கட்டும். உங்கள் நிழல் சிலந்தியின்மேல் விழக் கூடாது, விழுந்தால் ஓடிவிடும். உங்கள் மூச்சு வலையில் படக் கூடாது. வலை அதிர்ந்தால் கையொப்பச் சிலந்தி வலையையே ஊஞ்சல்போல் ஆட்டும், அல்லது நூலைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். புதருக்குள் கையை விடக் கூடாது. மழைக்காலப் புல்லில் பாம்பு இருக்கும். பெரியவர் ஒருவரோடு செல்லுங்கள்.

நான் எடுத்த பொய்ப் படம்

இதனை எழுதலாமா என்று சில நாள் தயங்கினேன். பத்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது நடந்தது. பள்ளிச் சுவரிதழுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. இரு தூண்களுக்கிடையே, என் தலை உயரத்தில், கையொப்பச் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வந்து விழவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, மறுநாள் இதழ் ஒட்டப்பட வேண்டும். புல்லில் இருந்த வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்து வலையில் எறிந்தேன். அது உதைத்த உதையில் வலையின் ஒரு பக்கம் கிழிந்தது; சிலந்தி மேல்மூலைக்கு ஓடியது. வெட்டுக்கிளியை எடுத்து மீண்டும் எறிந்தேன். இம்முறை சிலந்தி வந்து சுற்றியது. படம் மிக நன்றாக அமைந்தது.

‘வேட்டையாடும் சிலந்தி’ என்னும் தலைப்பில் அது சுவரிதழில் இடம்பெற்றது. பலரும் பாராட்டினர். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஐயா, இவ்வளவு உயரத்தில் இந்த வெட்டுக்கிளி எப்படி வந்து மாட்டியது?”

“தாவி வந்து விழுந்தது” என்றேன்.

அவன் அதனை நம்பினான். ஆசிரியர் சொன்னால் மாணவன் நம்பத்தானே செய்வான்? அன்று நான் இழந்தது வேறொன்றும் உண்டு என்பது பிறகே புரிந்தது. அந்த உயரத்தில், அந்தத் தூண்களுக்கிடையே, அச்சிலந்தி எதை உண்டு வாழ்ந்தது? ஈயா, கொசுவா, விளக்கைத் தேடி வந்த அந்தா? காத்திருந்தால் அறிந்திருப்பேன். என் படம் அவ்வினாவுக்கு விடை சொல்லவில்லை, விடையை மறைத்தது. மறுநாள் காலையில் அங்கே கிழிந்த வலை மட்டுமே இருந்தது. சிலந்தி இடம் மாறிவிட்டது.

இப்படிச் செய்வோர் நான் ஒருவன் மட்டும் அல்லன். பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து படமெடுப்போர் உண்டு; குப்பியால் நீர் தெளித்துப் பனித்துளி என்று காட்டுவோர் உண்டு. நீர் தெளிப்பதை நான் பெருங்குற்றம் என்று சொல்ல மாட்டேன். படத்தின் கீழே அதனை எழுதிவிட்டால் போதும். இரையை எறிவதோ வேறு. அங்கே ஓர் உயிர் நம் படத்துக்காகச் சாகிறது. நடவாத ஒன்று நடந்ததாகப் பதிவாகிறது.

காப்பாற்றக் கூடாதா?

தேனீ படம் எடுத்த மாணவி என்னிடம் கேட்ட முதல் வினா இதுதான்: “நான் பார்த்தவுடன் அந்தத் தேனீயைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா, ஐயா?”

படத்தில் அவள் கண்டபோது அத்தேனீ உயிரோடு இல்லை. பிடுங்கி எறிந்திருந்தால், செத்த தேனீ செத்ததாகவே இருக்கும். சிலந்தி பட்டினி கிடக்கும். நஞ்சும் நூலும் சிலந்தியின் உடலில் ஊறுபவை. அவற்றைச் செலவிட்டபின் இரையை இழந்தால் அதற்கு இரட்டை இழப்பு. வட்ட வலை கட்டும் சிலந்திகள் பல, பழைய வலையின் நூலையே தின்று புது வலைக்குப் பயன்படுத்தும் அளவுக்குச் சிக்கனமானவை. இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள். “ஆனால் அது துடித்துக்கொண்டிருந்திருந்தால்?” என்றாள்.

அப்போதும் நான் கை வைக்க மாட்டேன் என்றேன். அவள் முகத்தில் உடன்பாடு தெரியவில்லை. அவ்விரக்கத்தைப் பிழை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வகுப்பில் இதனைப் பேசிப் பாருங்கள்.

இடத்தைச் சொல்லலாமா?

1899ஆம் ஆண்டில் பொக்காக் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர், நீல நிறத்தில் ஒளிரும் பெருஞ்சிலந்தி ஒன்றை உலகுக்கு அறிவித்தார். அது கிடைத்த இடம் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில், சென்னை–மும்பை இருப்புப்பாதையில் உள்ள குத்தி. அங்கே இரயில்வேயின் மரக் கிடங்கில் அது அகப்பட்டது. வெட்டிய மரத்தோடு பயணம் செய்து வந்திருக்கலாம். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அதன் இருப்பிடம் எவர்க்கும் தெரியவில்லை. 2001ஆம் ஆண்டில் அதே மாநிலத்தில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. மரப் பொந்துகளில் வாழும் இச்சிலந்தி, அற்றுப்போகும் பேரிடரில் உள்ள உயிரினமாக இன்று பட்டியலிடப்பட்டுள்ளது. காடு அழிவது ஒரு காரணம். அழகுக்காக வளர்ப்போர்க்கு விற்கப் பிடித்துச் செல்வது மற்றொரு காரணம்.

கைப்பேசியில் எடுக்கும் படத்தினுள், எடுத்த இடத்தின் நிலநேர்க்கோடும் அகலாங்கும் நாம் அறியாமலே பதிந்திருக்கக்கூடும். செண்டுமல்லியில் இருந்த நண்டுச் சிலந்திக்கு அதனால் தீங்கில்லை. அரிய உயிரினத்தின் படமாயின், இடத்தைப் பதியும் அமைப்பை முடக்கிவிட்டே எடுக்க வேண்டும்.

படத்தின் கீழே

ஒரு சிலந்திப் படம் அறிவியல் பதிவாக வேண்டுமானால், அதன் கீழே சில சொற்கள் வேண்டும். நாள், நேரம், செடியின் பெயர், வலை இருந்த உயரம், இரை இன்னது, நீங்கள் கண்டபோது இரை உயிரோடிருந்ததா, எதையேனும் நீங்கள் தொட்டீர்களா. செடியின் பெயர் தமிழில் தெரியாவிட்டால் வீட்டில் பாட்டியிடம் தொலைபேசியில் கேளுங்கள். எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் மண்டிக்கிடக்கும் பலவண்ணப் பூச்செடிக்கு உண்ணிச்செடி என்று பெயர் என்பதை, ஒரு மாணவனுக்கு இராமநாதபுரத்தில் இருக்கும் அவன் பாட்டிதான் சொன்னார்.

தேனீ படம் எடுத்த மாணவி அத்துடன் நிற்கவில்லை. ஒன்பது நாள்கள் அச்செண்டுமல்லிச் செடிக்குச் சென்றாள். நான்காம் நாள் பூ வாடியது. சிலந்தி பக்கத்துப் பூவுக்கு மாறியது. செடியின் அடியில் இலைமேல் உலர்ந்த தேனீக் கூடுகள் இரண்டும் ஓர் ஈயின் கூடும் கிடந்தன, அவற்றையும் படமெடுத்தாள். முதற்படத்தின் கீழே ‘உறங்கும் தேனீ’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘நண்டுச் சிலந்தியும் தேனீயும், நண்பகல், நான் எதையும் தொடவில்லை’ என்று எழுதினாள்.

ஒன்பதாம் நாள் குறிப்பில் ஒரு வினா இருக்கிறது. செண்டுமல்லிக்கு இரண்டடி தொலைவில் வெண்ணிற நந்தியாவட்டை பூத்திருக்கிறதாம். சிலந்தி அங்கே போனால் வெள்ளையாகுமா, எத்தனை நாளில் ஆகும் என்று கேட்டிருக்கிறாள். சிலந்தியைத் தூக்கி அங்கே விடலாமா என்றும் எழுதி, அவ்வரியை அவளே அடித்துவிட்டிருக்கிறாள்.

பயிற்சி

1. வலை, ஒட்டடை ஆகிய சொற்களை வேறுபாடு விளங்குமாறு இரு தொடர்களில் அமைத்து எழுதுக.

2. ‘எட்டுக்கால் பூச்சி என்னும் பெயரில் பாதி சரி, பாதி பிழை’ – இக்கூற்றை விளக்குக.

3. கையொப்பச் சிலந்தி வெட்டுக்கிளியையும் அந்துப்பூச்சியையும் வெவ்வேறு வரிசையில் கையாள்வது ஏன்?

4. கட்டுரையாசிரியர் தம் சுவரிதழ்ப் படத்தைப் ‘பொய்ப் படம்’ என்கிறார். அப்படத்தில் இருந்த சிலந்தியும் வெட்டுக்கிளியும் உண்மையே. அவ்வாறாயின் எது பொய்? பத்து வரிகளில் எழுதுக.

5. உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள ஒரு சிலந்தியை ஏழு நாள்கள் கவனித்து, நாள்தோறும் இரு வரிகளில் குறிப்பெழுதுக. செடி, பூச்சிப் பெயர்களைத் தமிழில் எழுதுக. தெரியாதவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிக.